யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது

என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கு நான் ஜெராக்ஸ் கடையை வைத்துத்தான் விளக்கம் சொல்வேன். கடையில் ஒரு ஒரிஜினல் இருக்கிறது. கேட்கக் கேட்க அதிலிருந்து நகல் எடுத்துத் தருகிறார்கள். எங்கள் கம்பெனியில் அந்த ஒரிஜினலுக்குப் பெயர் இமேஜ். ஒரு கம்ப்யூட்டருக்கு வேண்டிய ஆபரேட்டிங் சிஸ்டம், அதன் மேல் எங்கள் மென்பொருள், அதற்கான பூட்டு சாவி எல்லாவற்றையும் ஏற்றி, சரிபார்த்து, அப்படியே ஒரு பிரதியாக கிளவுடில் வைத்துவிடுவோம். புது மெஷின் வேண்டும் என்கிறபோது அதிலிருந்து ஒரு நகல் எழும்பும். அந்த ஒரிஜினல்களைப் புதுப்பிப்பதும், பழசானவற்றை ஓய்வுக்கு அனுப்புவதும் என் வேலை. இவ்வளவையும் கேட்டுவிட்டு என் சித்தி ஒரு கல்யாண வீட்டில், ஜெராக்ஸ் கடையில் சம்பளம் எல்லாம் ஒழுங்காகத் தருகிறார்களா என்று கவலையாக விசாரித்தாள். தருகிறார்கள் என்று சொல்லிவிட்டேன்.

புது இமேஜ் போடுவது பெரிய வித்தை இல்லை. அதை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், கைதட்டலும் கிடைக்கும். பழசை எடுப்பதில்தான் ஆள் யாரென்று தெரியும். ஒரிஜினலைக் கிழித்துப் போட்டாலும் ஏற்கெனவே எடுத்த நகல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. என்றைக்கோ ஒருநாள் யாரோ ஒருத்தர் புது நகல் கேட்டு வந்து நிற்பார். அன்றைக்குத்தான் குடி முழுகும். அதனால் பல ஆபீஸ்களில் பழைய இமேஜ்களை யாரும் தொடுவதே இல்லை. ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்பார்கள். பூட்டுப் போடாத வீட்டையும் இதுவரை திருடன் வரவில்லையே என்று அப்படியே விட்டுவைக்கிற கூட்டம் அது. எனக்கு அவர்களைக் கண்டால் ஆகாது.

எங்கள் ஆபீஸ் ராயபுரத்தில், கப்பல் ஏஜென்ட்டுகள் நிறைந்த ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் இருக்கிறது. கடல்காற்று திரும்பினால் மீன் வாடை ஏசிக்குள்ளேயும் வரும். துறைமுகத்துக்கு வருகிற கன்டெய்னர்களை இறக்கி வைக்கிற யார்டுகள் மணலி, மாத்தூர், மீஞ்சூர் பக்கம் வரிசையாக இருக்கின்றனவே, அவற்றின் கேட்டுகளில் ஓடுகிற மென்பொருள் எங்களுடையது. ட்ரெய்லர் லாரி வந்து நிற்கும். கேமரா கன்டெய்னர் நம்பரைப் படிக்கும். சீட்டு அச்சாகும். தடுப்புக் கட்டை மேலே போகும். அவ்வளவுதான். அந்தக் கட்டை மேலே போகாவிட்டால் என்ன ஆகும் என்பது எங்கள் ஆபீசில் என்னைத் தவிர வேறு யாருக்கும் உடம்பில் உறைக்காது.

ஏனென்றால் என் நைனா ட்ரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர் துறைமுகத்தில் பெட்டியை ஏற்றி, மாத்தூர் தாண்டி இருக்கிற யார்டில் இறக்கிவிட்டு, மறுபடி எண்ணூர். நான் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அதே சாலைதான். நைனாவுக்கு சர்க்கரை இருக்கிறது. சர்க்கரைக்காரருக்கு அடிக்கடி ஒதுங்க வேண்டும். லாரி வரிசையில் மாட்டினால் எங்கே ஒதுங்குவது? வண்டியை விட்டு இறங்கினால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான், இல்லாவிட்டால் போலீஸ்காரர் வந்து தட்டுவார். அதனால் வரிசை நீளும் என்று தெரிந்தால் நைனா தண்ணீர் குடிக்க மாட்டார். மே மாத வெயிலில், சூடான கேபினில், தண்ணீர் குடிக்காமல் ஒரு சர்க்கரைக்காரர் உட்கார்ந்திருப்பார்.

ஒரு முறை புயலுக்காகத் துறைமுகத்தை மூடித் திறந்தார்கள். எல்லா லாரியும் ஒன்றாகக் கிளம்பி, சாலை முழுக்க அடைத்துக்கொண்டது. அன்றைக்கு நைனா வீட்டுக்கு வந்தபோது பேன்ட் நனைந்திருந்தது. அம்மா கை நீட்டியும் துணியைக் கொடுக்கவில்லை. குழாயடியில் அவரே உட்கார்ந்து துவைத்தார், சுவரில் பெயின்ட் உதிர்ந்த புத்தர் படத்துக்குக் கீழே அவரே காயப்போட்டார். நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த வேலைக்கான விளம்பரத்தில் யார்டு கேட் என்ற சொல்லைப் பார்த்தவுடன் விண்ணப்பம் போட்டதற்கு அதுதான் காரணம். நேர்முகத் தேர்வில் வேறு காரணம் சொன்னேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு நைனாவுக்கு ஒரு வசதி வந்தது. கேட் மக்கர் பண்ணினால் திட்டுவதற்கு ஆள் கிடைத்துவிட்டது. வரிசையில் நின்றபடியே எனக்குப் போன் போடுவார். "இன்னாமா, உங்க கேட்டு படுத்துகினு கீது" என்பதுதான் ஆரம்பம். நான் மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன். யார்டிலிருந்து முறையான புகார் ஆபீசுக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். கேட்டில் இருப்பவர் சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் மேலே இருப்பவருக்குச் சொல்லி, அவர் டீ குடித்துவிட்டு மெயில் அனுப்ப வேண்டும். நைனாவுக்கு அந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. எங்கள் ஆபீசில் இருக்கிற எல்லா அலாரத்தையும்விட அவர் வேகம்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பழைய இமேஜின் முறை வந்தது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனது. அதில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு, அதைச் செய்தவர்களே இனிமேல் ஓட்டை அடைக்க மாட்டோம், மாதக் கடைசியோடு சரி என்று கைகழுவிவிட்டார்கள். ஓட்டை அடைக்கப்படாத இமேஜை வைத்திருந்தால் அதிலிருந்து எழும்புகிற ஒவ்வொரு மெஷினும் அதே ஓட்டையோடுதான் பிறக்கும். திருட்டுப் பயல் ஒருத்தன் உள்ளே வந்தால் எல்லா யார்டின் கேட்டும் ஒன்றாகப் படுக்கும். ஆகவே அதை எடுத்தே ஆக வேண்டும். அதில் எனக்கும் மேனேஜருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

எடுப்பதில் மூன்று படி உண்டு. முதலில் அதன் மேல் பழசு என்று எழுதி ஒட்டுவோம். பயன்படுத்துகிறவர்களுக்கு எச்சரிக்கை போகும், ஆனால் வேலை செய்யும். அடுத்தது முடக்குவது. புது நகல் எடுக்க முடியாது, ஆனால் ஒரே கட்டளையில் திரும்ப உயிர் கொடுத்துவிடலாம். கடைசியாக அழிப்பது. அழித்தால் அழித்ததுதான். அழுது புரண்டாலும் மாண்டார் வருவரோ என்று பாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சிக்கல் எங்கே என்றால், யார்டுக்காரர்கள் தங்களுக்கென்று தனியாக கிளவுடில் கணக்கு வைத்திருந்தார்கள். எங்கள் இமேஜை அவர்களோடு பகிர்ந்திருந்தோம், அவ்வளவுதான். அவர்கள் தங்கள் கணக்குக்குள் அதை என்ன செய்கிறார்கள், எத்தனை நகல் எழுப்புகிறார்கள் என்பது எங்கள் கண்ணுக்குத் தெரியாது. எல்லோருக்கும் மெயில் அனுப்பினோம், புது இமேஜுக்கு மாறிவிட்டீர்களா என்று. எல்லோரும் மாறிவிட்டோம் என்று பதில் போட்டார்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வடசென்னையில் வளர்ந்தவள் நான். மாறிட்டோம் என்று ஒருத்தர் எழுதிக் கொடுத்தால், இன்னும் மாறவில்லை, கேட்காதீர்கள் என்றும் அதைப் படிக்கத் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத ஆளைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. அழிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் முடக்கிப் பார்ப்பது. யாராவது கத்தினால் அவர் பயன்படுத்துகிறார் என்று அர்த்தம். உடனே உயிர் கொடுத்துவிட்டு, அவரை ஒழுங்காக மாற்றிவிட்டு, பிறகு அழிக்கலாம். உலகம் முழுக்க இதைப் பெரிய பெரிய கம்பெனிகள் செய்கின்றன. எனக்கு இது புதுசாகவே படவில்லை. வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் எங்கள் பிளாக்குக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரே ப்யூஸ் போர்டு. எந்த ப்யூஸ் கட்டை எந்த வீட்டுக்கு என்று எழுதி வைத்ததெல்லாம் எப்போதோ அழிந்துவிட்டது. எங்கள் வீட்டு ப்யூஸ் போனால் அம்மா ஒவ்வொன்றாகப் பிடுங்குவாள், நான் நடுவில் நின்று எந்த மாடியிலிருந்து சத்தம் வருகிறது என்று காது கொடுப்பேன். சத்தம் வந்தால் திரும்பச் சொருகிவிட்டு அடுத்தது.

ஒரு நாள் ஒரு கட்டையைப் பிடுங்கினோம், சத்தமே வரவில்லை. யாருக்கும் இல்லாத கட்டை என்று அம்மா அதைத் திரும்பச் சொருகாமல் அப்படியே விட்டுவிட்டாள். மேல்மாடி அக்கா மாமியார் காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தது எங்களுக்குத் தெரியாது. அவர் மீன் வியாபாரி, ஃபிரிட்ஜ் நிறைய வஞ்சிரம் வைத்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் அந்த வாடைக்கு கொடுங்கையூர் குப்பைமேடே தேவலாம் போலிருந்தது. எங்கள் வாசலில் வந்து நின்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு வாக்கியம் மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நான் கத்தலன்னா எனக்கு கரண்ட்டு வாணாம்னு அர்த்தமாடி?"

முதல் தடவை முடக்கிப் பார்க்கிற நாளை மேனேஜர்தான் ஏற்பாடு செய்தார். நல்ல மனிதர், யாருக்கும் தொல்லை வரக்கூடாது என்று நினைப்பவர். அந்த நல்ல குணம்தான் பிரச்சினை. எந்த நாள், எந்த நேரம் என்று எல்லா யார்டுக்கும் முன்கூட்டியே மெயில், போதாதென்று போன். அன்றைக்குப் பகல் முழுக்க இமேஜ் முடங்கி இருந்தது. ஒரு சத்தம் இல்லை. மறுநாள் எல்லோரிடமும் கேட்டார். ஒரு பிரச்சினையும் இல்லை சார் என்று எல்லோரும் சொன்னார்கள். மேனேஜர் எனக்கு ஒரு சிரிக்கிற படம் அனுப்பி, வருகிற ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடலாம் என்றார். நானும் சரி என்றுதான் சொன்னேன். அன்றைக்கு எனக்கு மறுத்துப் பேச ஆதாரம் எதுவும் இல்லை.

ஆதாரம் சோற்றுத் தட்டின் முன்னால் வந்தது. அடுத்த நாள் நைனா மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார், நானும் அன்றைக்கு வீட்டிலிருந்துதான் வேலை. நெத்திலிக் குழம்பு. நைனா நல்ல சந்தோஷத்தில் இருந்தார். முந்தாநாள் கேட் பிரமாதமாகப் போனது, இப்படியே தினமும் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். எங்கள் மென்பொருளை நைனா பாராட்டி நான் கேட்டதே இல்லை. என்ன அதிசயம் என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டரே இல்லியே. காலைலேர்ந்து கையிலயே சீட்டு எயுதி குட்தானுங்கோ. கட்டைய தூக்கியே வெச்சிட்டானுங்கோ. சும்மா பறந்துகினே போனோம்."

எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மாத்தூர் பக்கத்து யார்டுக்காரர்களுக்கு நாங்கள் இன்றைக்கு சோதனை என்று சொல்லியிருந்தோம். அவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். சோதனை நேரத்தில் சிஸ்டத்தைத் தொட்டு எங்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, கட்டையைத் தூக்கி வைத்துவிட்டு, பகல் முழுக்கக் கையால் சீட்டு எழுதியிருக்கிறார்கள். சாயங்காலம் உட்கார்ந்து எல்லா வண்டி நம்பரையும் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டார்கள். அதனால் எங்கள் பக்கத்திலும் கணக்கு ஒழுங்காக இருந்தது. பிறகு நாங்கள் கேட்டபோது, பிரச்சினை இல்லை சார் என்று உண்மையைத்தான் சொன்னார்கள். ப்யூஸைப் பிடுங்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்ததால், எல்லோரும் நல்ல பிள்ளைகளாக மெழுகுவர்த்தி ஏற்றி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

நைனாவிடம் கையால் எழுதியது அந்த ஒரு யார்டில் மட்டும்தானா என்று கேட்டேன். அவருக்குத் தெரிந்து அங்கே மட்டும்தான் என்றார். ஏன் கேட்கிறாய் என்றார். சும்மா என்றேன்.

மறுநாள் காலையில் மேனேஜரின் அறைக்குள் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை அழிக்க முடியாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். மாதக் கடைசி நெருங்குகிறது, சோதனை முடிந்துவிட்டது, யாரும் கத்தவில்லை என்றார். யாரும் கத்தவில்லை, ஏனென்றால் நாம் எல்லோர் வாயையும் முன்கூட்டியே பொத்திவிட்டோம் என்று விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த யார்டுக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றார். போட்டார். அங்கிருந்த பொறுப்பாளர், நாங்கள் புது இமேஜுக்கு மாறிவிட்டோம் சார், அன்றைக்குப் பாதுகாப்புக்காகத்தான் கையால் எழுதினோம் என்றார். பொய் சொல்லவில்லை அவர். அவருக்கே தெரியாது. அங்கே கேட்டுகளை அமைத்துக் கொடுத்தவர்கள் வேலையை முடித்துவிட்டு எப்போதோ போய்விட்டார்கள்.

இன்னொரு தடவை முடக்கிப் பார்க்க வேண்டும், இந்தத் தடவை யாரிடமும் நாள் சொல்லக்கூடாது என்றேன். அதுவும் வேலை நாளில், கப்பல் வந்து லாரிகள் குவிகிற முற்பகலில். இந்த மாதம் எந்த நாளும் இது நடக்கலாம் என்று ஏற்கெனவே எல்லோருக்கும் எழுதித்தான் இருக்கிறோம், அது போதும். மேனேஜர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"கேட் நிக்கணும்னு ஆசைப்படுறீங்களா நீங்க?"

"ஆமா சார். இப்ப நின்னா நான் திருப்பிப் போட்டுடுவேன். அழிச்சப்புறம் நின்னா அந்த இமேஜை நீங்களும் கொண்டாற முடியாது, நானும் கொண்டாற முடியாது. புதுசு செஞ்சு, சரிபார்த்து, அங்க ஏத்துற வரைக்கும் லாரிக்காரங்க ரோட்டுலதான் கெடப்பாங்க."

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வெளியே இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது எனக்கு. கண்ணாடி அறையில் உட்கார்ந்து லாரி வரிசையைப் பற்றிப் பேசுகிறபோது எனக்கு எப்போதுமே இப்படித்தான் ஆகிவிடும். அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, சத்தம் வந்த அடுத்த நிமிடம் உயிர் கொடுத்துவிட வேண்டும், அப்படியும் சத்தம் வராவிட்டால் மறுபேச்சு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை அழித்துவிட வேண்டும் என்றார். நியாயம்தான். ஒப்புக்கொண்டேன்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த யார்டிலிருந்து முறையான புகார் ஒரு மணி நேரத்துக்குள் எங்களுக்கு வந்து சேரவே சேராது. சாயங்காலம்தான் வரும். அதற்குள் நேரம் முடிந்து, சத்தம் இல்லை என்று ஆகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் எனக்கு வரக்கூடிய சத்தம் ஒன்றே ஒன்றுதான். அது நைனாவின் போன்.

அப்படியானால் நைனா அன்றைக்கு வரிசையில் இருக்க வேண்டும். அவர் லோடு எடுக்கிற நாளாகப் பார்த்துத்தான் நான் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சொந்த நைனாவை வெயிலில் நிறுத்தியாவது அந்த ஆளைக் கண்டுபிடித்தே தீர்வது என்று முடிவு பண்ணிவிட்டேன். இப்போது கொஞ்ச நேரம் நிற்பதா, பிறகு ஒரு நாள் முழுக்க நிற்பதா என்பதுதான் கேள்வி. நைனாவுக்காக நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று மட்டும் செவ்வாய்க்கிழமை முழுக்க மனசு அடித்துக்கொண்டது. புதன்கிழமை காலையில் அவர் லுங்கியை மாற்றிவிட்டு காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நைனா வாங்கிப் பையில் வைத்தார். குடிக்க மாட்டார் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். வாய் வரை வந்தது எனக்கு. விழுங்கிக்கொண்டேன். "பத்திரமா போய்ட்டு வா நைனா" என்று மட்டும் சொன்னேன். தினமும் சொல்கிற வார்த்தைதான், அதனால் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

முற்பகலில் கட்டளையை அடித்தேன். இமேஜ் முடங்கியது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். என் போனை மேசை மேல் மல்லாக்க வைத்தேன். திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது. எங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் எல்லாமே எப்போதும் பச்சைதான்.

அரை மணி நேரம் போனது. ஒன்றும் இல்லை. மேனேஜர் தன் போனில் ஏதோ பார்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. அந்த யார்டில் யாரோ ஒருத்தர் பழைய இமேஜைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார் என்பதை நான் கையில் பிடித்துப் பார்த்தது போல அறிந்திருந்தேன். ஒரே ஒரு பயம்தான். நைனா சமர்த்தாக, மகளை வேலை நேரத்தில் எதற்குத் தொந்தரவு செய்வது என்று இருந்துவிட்டால்? என் வாழ்நாளில் முதல் தடவையாக அவர் என்னைத் திட்ட வேண்டும் என்று ஏங்கினேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன், மேனேஜரும் கேட்கட்டும் என்று. பின்னால் ஹாரன் சத்தம், நாலைந்து பேர் ஒன்றாகக் கத்துவது, யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர் கண்டுபிடித்தவனின் அம்மாவைப் பற்றிச் சொல்வது எல்லாம் கேட்டது.

"இன்னாமா பண்றீங்கோ அங்க? ஒரு லைன்ல மட்டும் ஊர்ந்துகினு கீது, மத்த மூணும் செத்து கெடக்குது. வண்டி மெயின் ரோடு வரிக்கும் நிக்குது. உங்காளுங்கோ வேலை செய்றானுங்களா, இல்ல தூங்கினு கீறானுங்களா?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவரை யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இதோ பார்க்கிறேன் என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, அவர் பேசி முடிப்பதற்கு முன்பே கட்டளையை அடித்தேன். இமேஜுக்கு உயிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் நைனாவே மறுபடி போன் செய்தார். கட்டை எழுந்துவிட்டது, வண்டி நகர்கிறது, உன் ஆட்களிடம் கொஞ்சம் சொல்லி வை என்றார். சொல்கிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு மேனேஜரைப் பார்த்தேன். அவர் எழுந்து போய் இரண்டு டீ கொண்டுவந்தார்.

காரணம் அன்றைக்கே தெரிந்துவிட்டது. அந்த யார்டில் வழக்கமாக ஒரு மெஷின்தான் ஓடும். அதைப் புது இமேஜுக்கு மாற்றியிருந்தார்கள், அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் லாரிக் கூட்டம் கூடினால் மற்ற வரிசைகளுக்குத் தானாகப் புது மெஷின்கள் எழும்பும்படி அமைப்பு இருந்தது, கூட்டம் குறைந்தால் தானாக மறைந்துவிடும். அந்த அமைப்புக்குள் பழைய இமேஜின் பெயர் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அழித்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த பெரிய கப்பல் வந்து, எல்லா வண்டியும் ஒன்றாக வந்து நிற்கிற நாளில்தான் தெரிந்திருக்கும். நானே நேரில் போய், மாத்தூர் யார்டின் பொறுப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து அதை மாற்றிக் கொடுத்தேன். அவர் பாவம், இளநீர் வாங்கிக் கொடுத்து மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு யாரிடமும் நாள் சொல்லாமல் மறுபடி முடக்கிப் பார்த்து, ஒரு வேலை நாள் முற்பகலில், நைனாவின் வண்டி சிக்கலில்லாமல் கேட்டைத் தாண்டின பிறகு அந்த இமேஜை அழித்தேன்.

ஆனால் அந்தப் புதன்கிழமை சாயங்காலத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது.

நைனா களைத்துப் போய் வந்தார். பேன்ட்டைப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. குளித்துவிட்டு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் கேட் கதையை ஆரம்பித்துவிட்டார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தக் கம்ப்யூட்டர்காரனை எப்படியெல்லாம் வாழ்த்தினார்கள் என்று அம்மாவுக்குச் சொல்லிச் சிரித்தார். இவரும் சளைக்கவில்லையாம். அவன் பரம்பரையில் ஒருத்தரையும் பாக்கி வைக்கவில்லையாம். அம்மா, பொண்ணு எதிரில் இதையெல்லாம் சொல்கிறாயே என்று அதட்டினாள்.

"அது நான்தான் நைனா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கட்டளை அடித்தது நான்தான், கேட் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக வேண்டுமென்றே நிறுத்தினேன் என்று சொன்னேன். ஏன் என்பதையும் சொன்னேன். அழித்த பிறகு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார்.

"நான் லைன்ல கீறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீ இருக்கணும்னுதான் இன்னிக்கு வெச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை. நைனாவின் முகம் சுருங்கியது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். நான் செய்தது சரி என்பதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை.

"காலைல கெளம்பறப்போ ஒரு வார்த்த சொல்லிருக்கலாமேமா" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

"சொல்லியிருந்தா நீ எனக்கு போன் பண்ணியிருப்பியா நைனா?"

அவர் தட்டைப் பார்த்தார். உருட்டி வைத்திருந்த சோற்றை விரலால் கலைத்தார்.

"மாட்டேன்" என்றார். "உம்பேரு கெட்டுரும்னு, பொயுது சாயற வரிக்கும் கம்முனு அங்கியே நின்னுகினு இருந்திருப்பேன்."